முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்குவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கேமரா, லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடை நடத்துகிறேன். விற்பனை கிடையாது. அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் எனக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் பேச்சோடு பேச்சாக "அண்ணே, சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் இவைதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். பதில்கள் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். பாடியில் (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில்) மிச்சம் பிடித்து லென்ஸில் செலவழிக்கச் சொல்கிற ஆள் நான்.

அண்ணே, டி.எஸ்.எல்.ஆர்.னா என்ன? லென்ஸ் கழட்டி மாட்டுற கேமரா எல்லாமே அதுதானா?

இல்லை. லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு கண்ணாடி இருந்தால்தான் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி எழும்பும், ஷட்டர் திறக்கும், வெளிச்சம் படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் விழும், கண்ணாடி மறுபடி இறங்கும். கல்யாண மேடையில் கேட்கிற 'ட்டக்' சத்தத்தில் பாதி இந்தக் கண்ணாடியுடையது. மிர்ரர்லெஸ்ஸில் இந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதைத் திரையில் காட்டுவார்கள்.

கையில் இருப்பது எது என்று சந்தேகமாக இருந்தால், லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, கேமராவை ஆன் செய்யாமலே கண்ணில் வைத்துப் பாருங்கள். எதிரே நிற்பவர் தெரிந்தால் டி.எஸ்.எல்.ஆர். ஒன்றும் தெரியவில்லை என்றால் மிர்ரர்லெஸ்.

என் போன்லயே 50 மெகாபிக்சல் இருக்கு. 24 மெகாபிக்சலுக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்?

போனின் 50 மெகாபிக்சல் சென்சார் சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. தொடக்க நிலை நிகான் டி.எஸ்.எல்.ஆர். சென்சார் 23.5 × 15.6 மி.மீ., கேனானுடையது 22.3 × 14.9 மி.மீ. வெளிச்சம் வாங்கும் பரப்பு பல மடங்கு. அது மட்டுமல்ல, அந்த 50 மெகாபிக்சல் போன் வழக்கமாக நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கிறது. கல்யாண ஆல்பத்தின் 12 × 18 அங்குலப் பக்கத்தை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 5400 × 3600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சலில் 6000 × 4000 இருக்கிறது. அதற்கு மேல் எண்ணைத் துரத்த வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், சாப்பாட்டுத் தட்டு, வெயிலில் எடுக்கிற குடும்பப் படம், இவ்வளவுதான் உங்கள் தேவை என்றால் போனே போதும். பல படங்களைச் சேர்த்து இருட்டையும் வெயிலையும் சமன் செய்யும் வேலையைப் போன் தானாகவே செய்துவிடும். டி.எஸ்.எல்.ஆர். செய்யாது. ஓடுகிற குழந்தை, தூரத்துப் பறவை, மேடை நாட்டியம், பின்னணி கரைந்த முகம் என்று ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

டி.எஸ்.எல்.ஆர். செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே, இப்பப் போய் வாங்கலாமா?

புது மாடல் வருவது நின்றுபோனது உண்மை. கேனானும் நிகானும் 2018-இல் ஆர், இசட் என்ற மிர்ரர்லெஸ் வரிசைகளைத் தொடங்கின. 2020-க்குப் பிறகு இரண்டு நிறுவனமும் புதிதாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். பாடி கொண்டுவரவில்லை. சோனி 2021-இல் அந்தக் கடையையே மூடிவிட்டது. பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாகச் செய்துகொண்டிருக்கிறது, ஆனால் நம்மூரில் அதற்கு லென்ஸ் தேடி முடிப்பதற்குள் போதும்போதும் என்றாகிவிடும்.

நிறுவனங்கள் கைவிட்டதால் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு நல்லதுதான் நடந்திருக்கிறது. தொழில் செய்கிறவர்கள் மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டே இருப்பதால் நல்ல பாடியும் லென்ஸும் செகண்ட்ஹேண்டில் வந்து குவிகின்றன. கேனானின் இ.எஃப். லென்ஸ் வரிசை 1987-இல் தொடங்கியது, நிகானின் எஃப் மவுன்ட் 1959-இல். அத்தனை வருடச் சரக்கும் சந்தையில் இருக்கிறது. குறைந்த பணத்தில் படம் எடுக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. வீடியோதான் முக்கியம் என்றாலோ, பெரிய தொகை கையில் இருக்கிறது, பத்து வருடம் இதிலேயே இருப்பேன் என்றாலோ மிர்ரர்லெஸ் வாங்குங்கள்.

கேனானா, நிகானா?

உங்கள் அண்ணன், மச்சான், கூடப் படித்தவர் யாரிடம் கேமரா இருக்கிறதோ அந்த பிராண்ட். லென்ஸ் கடன் வாங்கலாம், பட்டன் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். யாரிடமும் இல்லை என்றால் இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள், சுண்டுவிரல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். இரண்டில் எது வாங்கினாலும் படம் நன்றாகத்தான் வரும். (லென்ஸ் மாட்டத் திருப்புகிற திசை இரண்டிலும் நேர்எதிர். இரண்டையும் கலந்து பயன்படுத்தும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி.)

1500டி, 3000டி, 200டி மார்க் 2, டி3500, டி5600... தலை சுத்துது. ஒண்ணு சொல்லுங்க.

3000டி-யை விட்டுவிடுங்கள். லென்ஸ் மாட்டும் வளையம் பிளாஸ்டிக், சென்சார் 18 மெகாபிக்சல், மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் வ்யூஃபைண்டரைத் தங்கள் பார்வைக்கு ஏற்பத் திருகிக்கொள்ளும் வசதியும் இல்லை. விலை குறைவு என்று பெட்டியாகக் கட்டி விற்பார்கள். 1500டி பரவாயில்லை. 24.1 மெகாபிக்சல், வளையம் உலோகம். ஃபோட்டோ மட்டும் எடுப்பவருக்கு அதில் குறை இல்லை.

நிகான் பக்கம் 2018-இல் வந்த டி3500 என் விருப்பம். எடை குறைவு, ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் 1,550 படம் என்பது நிறுவனக் கணக்கு. கேனான் 1500டி-க்கு அதே கணக்கு 500. கோடை விடுமுறைப் பயணத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். திரை திரும்ப வேண்டும், மைக் செருக வேண்டும் என்பவர்களுக்கு டி5600 அல்லது 200டி மார்க் 2. வீடியோ பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

கேனான் வாங்குகிறவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: 3000டி, 1500டி, 200டி மார்க் 2 மூன்றிலும் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முனை கிடையாது. மலிவான மேனுவல் ஃபிளாஷ், தள்ளி வைத்த ஃபிளாஷை வெடிக்க வைக்கும் ட்ரிக்கர் எல்லாம் அந்த நடு முனை வழியாகத்தான் வெடிக்கும். "அண்ணே, நீங்க கொடுத்த ஃபிளாஷ் வேலை செய்யல" என்று திருப்பிக் கொண்டுவருபவரிடம் நான் முதலில் கேட்பது, கேமரா மாடல் என்ன என்பதுதான். கேனானுக்கென்று செய்த ஃபிளாஷ் என்றால் சிக்கல் இல்லை.

கூட வர்ற 18-55 லென்ஸ் வேஸ்ட்டாமே? பாடி மட்டும் வாங்கிரவா?

வேஸ்ட் இல்லை, வாங்குங்கள். 18 மி.மீ.யில் கோபுரம் அடங்கும், 55-இல் முகம் எடுக்கலாம். உங்களுக்கு எந்தத் தூரம் பிடிக்கிறது என்று சொல்லித்தரப் போவதும் அதுதான். ஒரு மாதம் எடுத்த படங்களைக் கணினியில் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு முனையிலேயே கூடிக் கிடக்கும். அடுத்த லென்ஸ் எது என்பதற்கு அதைவிட நல்ல விடை யாரும் சொல்ல முடியாது.

அதன் குறை வெளிச்சத்தில். 55-க்கு இழுத்ததும் அதன் வாய் எஃப்/5.6-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூட வாய் சிறியது). எஃப்/1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ராத்திரி வீட்டுக்குள், மண்டபத்துக்குள் எடுக்கும்போது கிட் லென்ஸ் (கேமராவோடு வரும் இந்த லென்ஸ்) திணறுவது இதனால்தான்.

வாங்கும்போது லென்ஸ் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். கேனானில் 'ஐ.எஸ்.', நிகானில் 'வி.ஆர்.' என்ற எழுத்து இருக்க வேண்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி அது. இரண்டு நிறுவனமுமே அந்த வசதி இல்லாத 18-55-ஐயும் விற்றிருக்கின்றன. பெட்டி பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடுத்த லென்ஸ் 50 எம்.எம். 1.8தானே? யூடியூப்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

முகம் எடுக்க அருமையான லென்ஸ். விலையும் குறைவு. ஆனால் 50 என்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. உங்கள் கேமராவின் சென்சார் அதைவிடச் சிறியது என்பதால் கேனானில் 1.6 மடங்கு, நிகானில் 1.5 மடங்கு நெருக்கிக் காட்டும். அதாவது 80, 75 மி.மீ. பார்க்கிற அளவுக்குத்தான் உங்களுக்குத் தெரியும்.

கணக்காகவே சொல்கிறேன். மூன்று மீட்டர் தள்ளி நின்று 1500டி-யில் 50 மி.மீ. போட்டு எடுத்தால் படத்தின் அகலத்தில் அடங்குவது சுமார் 1.3 மீட்டர். சோபாவில் இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளின் தோள் வெட்டுப்படும். நம் வீட்டு ஹாலில் மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும். அதே இடத்தில் நின்று 24 மி.மீ. போட்டால் ஏறக்குறைய 2.8 மீட்டர் அடங்கும்.

அதனால் வீடு, குழந்தை, தெரு என்று எடுப்பவர்களுக்கு கேனானில் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்.டி.எம்., நிகானில் 35 மி.மீ. எஃப்/1.8 டி.எக்ஸ். சொல்வேன். தனியாள் முகங்கள்தான் உயிர் என்றால் 50. சந்தேகம் தீரவில்லை என்றால் கிட் லென்ஸை 50-இல் வைத்து டேப் ஒட்டிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்துப் பாருங்கள்.

நிகானுக்கு 50 எம்.எம். 1.8 பழசு சல்லிசா கிடைச்சுது. மாட்டினா ஃபோகஸே ஆகல, லென்ஸ் போச்சா?

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும். அது 1.8டி-யா என்று பாருங்கள். 'டி' வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் இல்லை. டி7000 வரிசையிலும் அதற்கு மேலும் உண்டு. உங்கள் கேமராவுக்கு 'ஏ.எஃப்.-எஸ்.' என்று தொடங்கும் 1.8ஜி வேண்டும். வாங்கியாகிவிட்டது என்றால் கையால் திருப்பி ஃபோகஸ் செய்யலாம். அசையாத பொருளுக்கு அது போதும், இரண்டு வயதுக் குழந்தைக்குப் போதாது.

வேடந்தாங்கல் போறோம், பறவை எடுக்கணும். என்ன லென்ஸ்?

வாங்குவதாக இருந்தால் கேனானில் 55-250 எஸ்.டி.எம்., நிகானில் 70-300 ஏ.எஃப்.-பி. வி.ஆர். மேலே சொன்ன மடங்குக் கணக்கு இங்கே உங்களுக்குச் சாதகம். 250 என்பது 400 போலவும், 300 என்பது 450 போலவும் நெருக்கிக் காட்டும். கரையிலிருந்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரை, கூழைக்கடா போன்ற பெரிய பறவைகளுக்கு இது ஓரளவு போதும்.

வருடத்துக்கு ஒரு தடவைதான் போவேன் என்பவர்கள் 150-600 மாதிரியான பெரிய லென்ஸை வாடகைக்கு எடுங்கள். (கடைக்காரன் பேச்சு என்று நினைத்தாலும் சரி.) அது ஏறத்தாழ 2 கிலோ. அரை மணி நேரம் கையில் பிடித்துப் பார்த்தால் வாங்கும் ஆசை பலருக்கும் தானாகத் தணிந்துவிடும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செகண்ட்ஹேண்ட் வாங்கலாம்னு சொல்றீங்க, ஏமாந்துர மாட்டோமா? என்னென்ன பார்க்கணும்?

பகலில் போங்கள். மெமரி கார்டு, போன் டார்ச், ஒரு பழைய நாளிதழ் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் ஷட்டர் கவுண்ட். கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணிக்கை. நிகானில் ஒரு படம் எடுத்து அந்த ஒரிஜினல் கோப்பைப் பார்த்தாலே அந்த எண் உள்ளே இருக்கும். கேனானின் பெரும்பாலான மாடல்களில் கோப்பில் இருக்காது, கேமராவைக் கணினியில் செருகித் தனி மென்பொருளில் பார்க்க வேண்டும், அல்லது சர்வீஸ் சென்டர். தொடக்க நிலை கேமராக்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் 1 லட்சம், நிகான் டி7500-க்கு 1.5 லட்சம், டி850-க்கு 2 லட்சம். எண் தாண்டியதும் கேமரா நின்றுவிடாது. ஆனால் பேரம் பேச அது நல்ல பிடி. பொழுதுபோக்குக்கு வைத்திருந்தவர் வருடத்தில் எடுப்பதை முகூர்த்தத்துக்கு ஓடிய கேமரா சில கல்யாணத்திலேயே எடுத்திருக்கும்.

அடுத்து லென்ஸ். இரண்டு மூடியையும் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை இழைகள் கிளை பிரிந்து போனால் அது ஃபங்கஸ், பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே இரண்டு மூன்று தூசிப் புள்ளி கிடந்தால் கவலை இல்லை, படத்தில் தெரியாது. பின்பக்கத் தங்க நிற முனைகள் தேயாமல், வளையாமல் இருக்க வேண்டும்.

சென்சாருக்கு: எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளி தூசி, சுத்தம் செய்தால் போகும். கோடு விழுந்தால் கீறல், அது போகாது. வ்யூஃபைண்டரில் மட்டும் தெரியும் தூசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது படத்தில் வராது.

கடைசியில் நாளிதழ். மேசையில் விரித்து, சாய்வாக நின்று, லென்ஸை முழுதாகத் திறந்து, நடுப் புள்ளியால் ஒரு தலைப்பு வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். பிறகு லைவ் வ்யூவில் திரையைப் பார்த்து அதே வரியை எடுங்கள். டி.எஸ்.எல்.ஆர்.-இல் வ்யூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸ் பார்ப்பது வேறு சென்சார். அதனால் லைவ் வ்யூ படம் கூர்மையாக இருந்து, முதல் படத்தில் இரண்டு வரி முன்னாலோ பின்னாலோ கூர்மை விழுந்திருந்தால் பாடியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. தொடக்க நிலை மாடல்களில் அதை நாமே சரிசெய்யும் மெனு கிடையாது. பில், பெட்டி, சீரியல் எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

அந்த ஃபங்கஸ் எப்படி வருது? பீரோல பத்திரமா வச்சாலுமா?

பீரோவில் பத்திரமாக வைப்பதால்தான் வருகிறது. இருட்டு, ஈரக்காற்று, அசைவின்மை மூன்றும் சேர்ந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஆபத்து அதிகம். தோல் பை இன்னும் மோசம், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவு போதும். மீட்டர் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். நீலநிற ஜெல் வெளிறிச் சிவந்தால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், சூடுபடுத்தி மறுபடி பயன்படுத்தலாம். அதைவிடச் சுலபமான வழி, வாரம் ஒரு தடவையாவது எடுத்துப் படம் எடுப்பது.

பில் இல்லாம வாங்கினா 4,000 ரூபாய் குறையுமாம். வாங்கலாமா?

வேண்டாம். வேறு நாட்டுக்கு வந்த சரக்காக இருந்தால் இந்திய வாரண்டி கிடைக்காது. ஜி.எஸ்.டி. எண்ணும் கேமராவின் சீரியல் எண்ணும் உள்ள பில் இருந்தால்தான் நாளை நீங்கள் விற்கும்போதும் விலை நிற்கும்.

மொத்தமே 30,000 ரூபாய்தான் இருக்கு. எப்படிப் பிரிக்கிறது?

புதுசை மறந்துவிடுங்கள். மேலே சொன்ன சோதனைகளில் தேறிய பழைய பாடி, ஐ.எஸ்./வி.ஆர். உள்ள கிட் லென்ஸ், பணம் மீந்தால் ஒரு பழைய ப்ரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ். இந்த வரிசையில் பணம் தீரட்டும். கொஞ்சம் ஒதுக்கி வைத்து நல்ல பிராண்ட் மெமரி கார்டைப் புதிதாக, நம்பகமான கடையில் வாங்குங்கள். கார்டில் போலி அதிகம். சிலிக்கா ஜெல் டப்பாவுக்கும் ஒரு தொகை.

'காம்போ' என்று சேர்த்துக் கொடுக்கும் ட்ரைபாட், ஃபில்டர், துடைக்கும் துணிக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். அந்த ட்ரைபாடின் மேல் கேமராவை வைத்துவிட்டு நகர எனக்குத் தைரியம் இல்லை.

வாங்கிட்டேன். ஆனா வீட்டுக்குள்ள எடுத்தா போன்ல வர்ற அளவுக்குக்கூட வரலையே, கேமரா கோளாறா?

இதைக் கேட்டு வருகிறவர்களின் படங்களைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். ராத்திரி, ட்யூப்லைட், கிட் லென்ஸ் 55-க்கு இழுத்திருக்கும், எஃப்/5.6, பச்சை ஆட்டோ (எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் முறை). ஷட்டர் 1/30-க்கு இறங்கி ஆள் அசைந்து மங்கியிருக்கும், இல்லாவிட்டால் குட்டி ஃபிளாஷ் தானாக எழும்பி முகத்தைச் சுண்ணாம்பு அடித்திருக்கும். கேமராவில் கோளாறு இல்லை. போன் தானாகச் செய்யும் வேலையை இங்கே நீங்கள் செய்ய வேண்டும்.

டயலை கேனானில் 'ஏ.வி.', நிகானில் 'ஏ'-வுக்குத் திருப்புங்கள். எஃப் எண்ணை இருப்பதிலேயே குறைவானதாக வையுங்கள். ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) ஆட்டோவில் விட்டு, 3200 வரை போகலாம் என்று அனுமதியுங்கள். லென்ஸை 18 பக்கம் வைத்து நீங்கள் கிட்டே போங்கள். ட்யூப்லைட்டை அணைக்காமல் ஆளை ஜன்னல் ஓரம் கூட்டிவந்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சையாகத்தான் வரும், விளக்கை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/250-இல் தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் மஞ்சள், ஒரு படம் மங்கல், ஒன்றில் பட்டை என்று மாறி மாறி வரும். அங்கே 1/100 அல்லது 1/50 வையுங்கள், எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.

அம்மாவுக்கு சமையல் சேனல் ஆரம்பிக்கணும். 1500டி போதும்ல?

போதாது. 1500டி-யில் வீடியோ ஓடும்போது ஃபோகஸ் தானாகத் தொடராது, மைக் செருகும் இடமும் இல்லை. அம்மா கரண்டியை கேமரா பக்கம் நீட்டிக் காட்டுவார், கரண்டி மங்கலாகவும் பின்னால் இருக்கும் மிக்ஸி தெளிவாகவும் வரும். டி3500-இலும் மைக் இடம் இல்லை.

டி.எஸ்.எல்.ஆர்.-தான் வேண்டும் என்றால் 200டி மார்க் 2. ஃபோகஸ் நன்றாகத் தொடரும், திரையை முன்னால் திருப்பலாம், மைக் உண்டு. '4கே' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். 4கே-யில் அந்த நல்ல ஃபோகஸ் முறை வேலை செய்யாது, படமும் ஓரங்களில் நிறைய வெட்டுப்படும். 1080-இல் எடுப்பதற்கே அதை வாங்க வேண்டும். எந்த மாடலானாலும் ஒரு காட்சி 29 நிமிடம் 59 நொடிக்கு மேல் ஓடாது. உண்மையில் இந்த வேலைக்கு, போனும் ஒரு காலர் மைக்கும் வாங்கி மிச்சப் பணத்தை விளக்கில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதை வச்சு கல்யாண ஆர்டர் எடுக்கலாமா? சொந்தக்காரங்க கேக்குறாங்க.

கேமராவின் தரம் தடுக்காது. தடுப்பது வேறு. மேலே பேசிய ஐந்து மாடலிலும் கார்டு போட ஓர் இடம்தான். தாலி கட்டும் படம் இருக்கிற கார்டு படுத்துவிட்டால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது. இரண்டு கார்டு போடும் பாடி வேண்டுமென்றால் பழைய டி7200 பாருங்கள். அதற்கடுத்து வந்த டி7500-இல் நிகான் ஓர் இடத்தை எடுத்துவிட்டது. மாற்றுப் பாடி, வெளி ஃபிளாஷ் இரண்டும் இல்லாமல் முகூர்த்தத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். முதல் சில கல்யாணங்களில் மெயின் ஃபோட்டோகிராபர் இன்னொருவர் இருக்கட்டும், நீங்கள் பந்தி, வரவேற்பு, பாட்டிமார் முகம் என்று எடுங்கள்.

செகண்ட்ஹேண்ட்ல ஃபுல் ஃபிரேமே இந்த விலைக்கு வருதே, நேரா அதுக்கே போயிட்டா?

போகலாம், கணக்குப் போட்டுவிட்டு. ஃபுல் ஃபிரேம் என்றால் ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார். 2008-இல் வந்த 5டி மார்க் 2, 2012-இல் வந்த 6டி, 2014-இல் வந்த நிகான் டி750 எல்லாம் இன்றும் அழகான படம் தருகின்றன. குறைந்த வெளிச்சத்தில் கிட் லென்ஸ்காரர்கள் படும் பாடு இவற்றில் இல்லை. வயதானவை என்பதால் செகண்ட்ஹேண்ட் சோதனை அத்தனையும் இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

செலவு லென்ஸில் ஒளிந்திருக்கிறது. கேனானின் இ.எஃப்.-எஸ். லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர்.-இல் மாட்டவே மாட்டாது. நிகானின் டி.எக்ஸ். லென்ஸ் மாட்டும், ஆனால் கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும். பறவைக்கு 250-ஐ 400 ஆக்கிய சாதகமும் போய்விடும். முகமும் கோயில் சிற்பமும்தான் எடுக்கப் போகிறேன் என்பவருக்கு 6டி-யும் 50 மி.மீ. எஃப்/1.8-உம் நல்ல ஜோடி. அங்கே 50 உண்மையிலேயே 50.

நாளைக்கு மிர்ரர்லெஸ் வாங்கினா இந்த லென்ஸை எல்லாம் தூக்கிப் போடணுமா?

வேண்டியதில்லை. மிர்ரர்லெஸ்ஸில் கண்ணாடிக்கான இடம் மிச்சம். கேனான் இ.எஃப்.-இல் லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் 44 மி.மீ., ஆர்.எஃப்.-இல் 20 மி.மீ. அந்த இடைவெளியில் ஓர் அடாப்டர் வளையம் வைத்தால் பழைய லென்ஸ் உட்கார்ந்துவிடும். இ.எஃப்., இ.எஃப்.-எஸ். இரண்டுமே ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிகானில் எஃப்.டி.இசட். அடாப்டர். ஏ.எஃப்.-எஸ்., ஏ.எஃப்.-பி. லென்ஸ்கள் ஃபோகஸ் ஆகும், மேலே சொன்ன 'டி' வகை அங்கேயும் கையால்தான்.

திருப்பிச் செய்ய முடியாது. ஆர்.எஃப்., இசட் லென்ஸ் எதுவும் டி.எஸ்.எல்.ஆர்.-இல் மாட்டாது. கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்.டி.எம். என்ற பெயரிலேயே இ.எஃப்.-இல் ஒன்றும் ஆர்.எஃப்.-இல் ஒன்றும் இருக்கிறது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் 'கார்ட்'டில் போடுவதற்கு முன் முதல் இரண்டு எழுத்தைப் படித்துவிடுங்கள்.